ராஜேந்திரன் காருக்கு மாற்றிய பெல்ட்

ஆல்டர்னேட்டர் பெல்ட் மாற்ற மெக்கானிக் தேவையில்லை, சார். இரண்டு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் நான்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

என் மனைவி சியாமளாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை அதிகம். கிளம்பிய வண்டி வழியில் நின்றுவிட்டால் அந்தப் பயணமே ஆகாது என்பாள். வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, புடவையை மாற்றிவிடுவாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கட்டினவளின் நம்பிக்கையை நான் மதித்தேன். திருப்போரூரில் டீச்சர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். என் ஸ்கூட்டரின் பிளக் வயரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். பாதி வழியில் நின்றது, அவளே திரும்பிவிட்டாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அம்மா சாகக் கிடந்தபோதும் அப்படித்தான், டயரில் ஒரு சின்ன ஆணி. மறுநாள் போனபோது அம்மா இல்லை. சியாமளா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அன்று எனக்கு அவள்மேல் அவ்வளவு பாசம் வந்தது.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் அவள் தம்பி ராஜேந்திரன் செங்கல்பட்டிலிருந்து தன் பழைய ஃபியட்டில் வந்தான். பத்து நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பத்து நாள் துணி அவ்வளவு கனக்காது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, சார்.

கார் வரும்போதே பெல்ட் கீச்சிட்டது. புதியது டிக்கியில் இருந்தது. "நானே மாத்திக் குடுக்கறேன், நீ உள்ள போயி காபி குடி" என்று அவனை அனுப்பினேன். ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்திப் பழையதைக் கழற்றினேன். புதியதின் உள்பக்கத்தில் ஷேவிங் பிளேடால் குறுக்கே கீறினேன். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஊரைத் தாண்டியதும் அறுந்துவிட வேண்டும்; பெல்ட் இல்லாமல் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜினும் சூடேறும், கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும். அதற்கு எவ்வளவு ஆழம் என்று என் கைக்குத் தெரியும்.

ராஜேந்திரன் வெளியே வந்து, "இன்னா மாமா, அதுக்குள்ள முடிச்சிட்டியா? வழியெல்லாம் பேஜார் பண்ணிகினு இருந்துச்சி" என்றான். கிளம்பும்போது பொழுது சாய்ந்து மழையும் பிடித்துக்கொண்டது. சியாமளா திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்து வருவாளே என்று அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு கிடந்த ராஜேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "செவப்பு லைட்டு எரிஞ்சிது மாமா. வண்டி சூடாவுது, வூட்டுக்குத் திரும்பிடலாம்னேன். அக்கா கேக்கல. 'எப்பவும் இப்டித்தான் நின்னுபூடுது. இன்னிக்கி இன்னா ஆனாலும் அங்க திரும்ப மாட்டேன், நீ ஓட்டு'ன்னுச்சி."

திருக்கழுக்குன்றம் போவதற்குள் ஒரு வளைவில் விளக்குகள் மங்கி, இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு அந்த மழையில் கார் தெரியவில்லை. சியாமளா அங்கேயே போய்விட்டாள்.

பெல்ட்டைக் கீறியது நான்தான், சார், மறைக்கவில்லை. அவள் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஒரு தடங்கலுக்கும் மறுபேச்சு பேசாதவள், அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. என்மேல் அவளுக்கு அப்படி என்ன கோபம், சார்?