நீலப் பட்டை

கண்ணு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள். ப்ளம் கேக் சாப்பிடு, இன்று மாவு நன்றாக உப்பி வந்திருக்கிறது. கார் கம்பெனியின் யுத்தகாலத்தை எழுத வந்திருக்கிறாய். எத்தனை பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்தார்கள் என்பதைக் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். நான் ஒரே ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

நாற்பத்து மூன்றில் எனக்கு இருபத்தொரு வயது. அந்தக் கம்பெனியின் தையல் கூடத்தில் ராணுவ வண்டிகளுக்குக் கான்வாஸ் கூரை தைத்தோம். பக்கத்து மெஷினில் பராஸ்கா. உக்ரைனிலிருந்து எங்கள் ராணுவம் சரக்கு ரயிலில் அள்ளி வந்த பெண்களில் ஒருத்தி. முள்வேலிக்குள் படுக்கை, தண்ணீராய் ஒரு சூப். ஆனாலும் அவள் தையல் கோடு கிழித்ததுபோல் ஓடும்.

மேற்பார்வையாளர் லோதாரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குத்தான் தெரியாது.

"என்ன ரோஸ்வீத்தா, தைக்கிறியா, பாம்பு வரையிறியா? பக்கத்துல அவ கையைப் பாரு" என்பார். கூடமே சிரிக்கும். பராஸ்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

கிழக்கிலிருந்து வந்தவர்கள் மார்பின் வலப்பக்கம் ஒரு நீலப் பட்டை அணிய வேண்டும். நான்கு ஓரமும் தைத்திருக்க வேண்டும். பட்டை இல்லாமல் பிடிபட்டால் தப்பியோடப் பார்த்ததாக அர்த்தம்.

ஒருநாள் காலை அவள் என்னிடம் குனிந்தாள். "அக்கா, பட்டையோட ஓரம் பிரிஞ்சுடுச்சு. ஒரு முழம் நூல் குடுங்களேன்."

கொடுத்தேன். அவர்களுக்கு நாங்கள் எதையும் கொடுக்கக் கூடாது, இருந்தும் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள். என் கண்முன்னேதான் தைத்தாள். அந்த வழியாக வந்த லோதார் நின்று, அந்தத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் பட்டை தைத்த அவள் கோட்டு ஆணியில் தொங்கியது. என்னிடம் நூல்வெட்டிக் கத்தரி இருந்தது. பட்டையைப் பிரித்தெடுத்துக் கழிவுத்துணிக் கூடையில் போட்டேன்.

மாலையில் அவர்கள் முள்வேலிக்குள் திரும்பும் வரிசை. காவலர் அவளைப் பிடித்து இழுத்தார். "ஏய், பட்டை எங்கடி? எந்த ஊருக்குக் கிளம்பிட்டே?"

"காலையில இருந்துச்சுங்க ஐயா. ரோஸ்வீத்தா அக்காவைக் கேளுங்க, அவங்கதான் நூல் குடுத்தாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். வாய்வரை வந்தும்விட்டது. அப்போது லோதார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "விட்டுடுங்க சார். இவளை மாதிரி வேலைக்காரி எனக்குக் கிடைக்கமாட்டா" என்றார். எனக்காக அவர் யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றியதில்லை.

"நான் நூலும் குடுக்கல, எதையும் பாக்கல" என்றேன்.

அவளைத் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வாரம், இறந்துவிட்டாள் என்று லோதாருக்கு ஒரு வரியில் சீட்டு வந்தது. அதை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறு வருஷம் என்னைக் கட்டிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். ஒரு தடவையாவது அவர் என் தையலைத் தடவிப் பார்த்ததில்லை. பார், யார் யாருக்குக் கெடுதல் செய்தது, நான் அவளுக்கா, அவள் எனக்கா?

சரி, இருட்டுவதற்குள் கிளம்பு. உன் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும், பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். உன்னைவிடக் கைத்திறம் உள்ளவள் எவளும் உன் புருஷன் கண்ணில் படாமல் இருக்கட்டும்.