வெட்டாத பக்கங்கள்

மயிலாப்பூரில் பழைய புத்தகம் வைத்திருப்பவனுக்குக் கரையானைவிடக் கடற்காற்றுதான் பெரிய தொல்லை, இன்ஸ்பெக்டர். அதனால் என் வீட்டு ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். அன்றைக்கு அக்கம்பக்கத்தில் எதுவும் கேட்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு என் வீட்டில் வாசகர் வட்டம். பகுத்தறிவையும் சுதந்திரத்தையும் பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் எழுதியவற்றைப் பேசுவோம். மூலநூல் மட்டும்தான். ஷண்முகப்ரியா என்ற பெண் ஒருமுறை செல்போனில் சுருக்கம் படித்துவிட்டு வந்து பேசினாள். எல்லார் முன்னாலும் எழுப்பி அனுப்பிவிட்டேன். அழுதுகொண்டே போனாள், பாவம். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டுமே.

வட்டத்துக்கே பெருமை என் பிரெஞ்சுப் புத்தகம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சானது. முப்பது வருஷமாக அதைப் பற்றி நான் பேசிக் கேட்டவர்கள் நானூறு பேராவது இருப்பார்கள். கண்ணாடி அலமாரியில் அதன் பக்கத்திலேயே தந்தப்பிடி போட்ட ஒரு கத்தி. அந்தக் காலத்தில் தாளை மடித்தபடியே தைத்து விற்பார்கள். வாங்கியவர்தான் மடிப்பை வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டும்.

இக்னேஷியஸ் புதிதாகச் சேர்ந்தவர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். சாந்தோமிலிருந்து நடந்தே வருவார். அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் அலமாரியைத் திறந்து புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்.

"சுப்புராயன் சார், இதுல ஒரு பக்கம்கூட வெட்டலையே?"

நான் டம்ளரை மேஜைமேல் வைத்தேன்.

"அட, இதுக்குப் போய் ஏன் சார் மூஞ்சி வாடிப்போச்சு? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு வராட்டி இன்னா, நான் சொல்லித்தரேன். தினம் நாலு பக்கம் வெட்டி, சேர்ந்தே படிக்கலாம்."

கத்தியை அவர்தான் எடுத்து என் கையில் கொடுத்தார்.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கப்பட்டதில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் நான் நினைத்தது என் மானத்தை இல்லை. நானூறு பேருக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை நினைத்தேன். அவர் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கழுத்தில் மூன்று தடவை குத்தினேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பத்து மணிக்கு வட்டத்தினர் மணி அடித்தபோது நானேதான் கதவைத் திறந்தேன்.

புத்தகத்தில் ரத்தம் படவில்லை. கோர்ட்டில் ஒப்படைக்கும்போது யாரும் பக்கங்களை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.