சின்னவன் விரல்

— பிரிச்சே பார்த்துட்டேன்கா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. சின்னவன் போனதுக்கு இது காரணமில்ல.

— மெதுவாப் பேசுங்க சார். பெரியவ உள் ரூம்ல இருக்கா.

— நோய் திரும்புதான்னு வீட்டுலயே பார்த்துக்கத்தான் இதைக் குடுத்தோம். ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகுற மெஷின் இது. பழைய பதிவையெல்லாம் ஒப்பிட்டேன். எப்படிச் சொல்றதுன்னே தெரியலக்கா... ஆஸ்பத்திரியில எடுத்தது ஒரு ரத்தம். வீட்டுக்கு வந்தப்புறம் எடுத்தது அவனோடதே இல்ல.

— தெரியும்.

— தெரியுமா!

— கடைசியா அவனைக் குளிப்பாட்டினேன்ல, அப்பப் பார்த்தேன். ஒரு விரல்லயும் புதுசா ஊசித் தழும்பே இல்ல சார். பெரியவ விரலெல்லாம் பொட்டுப் பொட்டா இருக்கு.

— அவளே குத்திக்கிட்டாளா?

— நான் ஷிஃப்டுக்குப் போயிடுவேன். ஊசியைக் கண்டாலே வீட்டை ரெண்டாக்கிடுவான் சின்னவன். தம்பி அழுறானேன்னு இவ தன் விரலை நீட்டியிருக்கா. ஒன்பது வயசு சார், அவளுக்கு என்ன தெரியும்? ரத்தம்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிருப்பா. நோய் இல்லன்னு எரிஞ்ச பச்சை விளக்கைப் பார்த்துட்டு நானும் நிம்மதியாத் தூங்கினேன், பாவி.

— ஐயோ.

— ஒரே ஒரு உதவி. மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போங்க.

— ராப்பகலா உட்கார்ந்து நான் செஞ்சதுக்கா இது. கைக்கு அடக்கமா, இல்லாதவங்களுக்கும் எட்டணும்னு... இந்த மெஷின் இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்ல.

— அதுக்குப் பதிலா நீங்க சொல்லுங்க. உங்க மெஷின் பழியைத் தாங்கும். என் பொண்ணு தாங்க மாட்டா.

— ...கூப்பிடுங்க.

— ஏய் பெரியவளே! இங்க வா, மெஷின் மாமா ஏதோ சொல்லணுமாம்.

— என்ன மாமா?

— அது வந்து பாப்பா... மெஷின்தான் கோளாறு. தப்புத் தப்பாக் காட்டிடுச்சு. வேற யார் மேலயும் தப்பில்லடா.

— கேட்டியாடி? நான்தான் அப்பவே சொன்னேன்ல. இருங்க சார், குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்.

— மாமா... அம்மா உள்ள போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. ஏன்டா கையைப் பின்னாடி கட்டிக்கிற?

— நீங்க சொன்னதை அம்மா நம்பிட்டாங்க மாமா. அப்படியே இருக்கட்டும். உண்மை தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க.