மூன்றாம் முறை வருகிறவர்கள்

தொலைபேசியில் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் பார்த்தவர்கள் அந்த அளவுக்குப் பாராட்டியதில்லை. ஒன்பது வருடமாக அந்த மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் "வணக்கம், சொல்லுங்க" என்றதுமே பாதி வலி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். மீதிப் பாதிக்கு அவர் வரவே இல்லை.

மருத்துவமனை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, எதிரே பூட்டு ரிப்பேர் செய்கிறவர். காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலிகள், சுவரில் ஒரு சூரியன் படம். உதயமா அஸ்தமனமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இரண்டுமே பொருந்தும். வலி மாத்திரைக்கும் வலி ஊசிக்கும் அடிமையாகி, விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிறவர்களுக்கு அங்கே வைத்தியம் நடந்தது.

டாக்டர் நல்லவர். உங்கள் விசாரணைக் குறிப்பில் அவர்மேல் ஒரு குறையும் எழுதிவிடாதீர்கள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். வருகிறவர்களைத் திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். "சர்க்கரை வியாதி வந்தா யாரையாவது திட்டறோமா? இதுவும் வியாதிதாம்மா" என்பார். அவர் வைத்தியம் எளிமையானது. முதல் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு வரவேண்டும். மறுநாள் கொட்டாவி விட்டுக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, கோடை வெயிலில் நடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தச் சமயம் பார்த்து நாக்குக்கடியில் ஒரு மருந்தை வைப்பார். ஒரு மணி நேரத்தில் ஆள் தேறிவிடுவார். ஒருவர் எழுந்து வந்து என் மேசையில் இருந்த பேப்பரில் விளையாட்டுச் செய்தி முழுவதையும் படித்துவிட்டுப் போனார்.

அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஒன்றை யார் மதிப்பார்கள்?

என் கணவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னை மூன்று முறை கேட்டார். முதல் இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மூன்றாம் முறை சரி என்றேன். இருபத்தாறு வருடம் ஆகிறது, இன்றுவரை என் பேச்சைத் தட்டியதில்லை. இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவே வேறொரு பெண்ணையும் கேட்டுப் பார்த்தார் என்பது பிறகு தெரிந்தது. அது இங்கே முக்கியமில்லை.

ஆகவே மருத்துவமனையிலும் அதையே கடைப்பிடித்தேன். முதல் முறை வந்தால், இன்றைக்கு இடமில்லை. இரண்டாம் முறை வந்தால், டாக்டர் அவசர வேலையில் இருக்கிறார். மூன்றாம் முறையும் வந்தால் நிஜமாகவே திருந்த நினைக்கிற ஆள் என்று அர்த்தம், உள்ளே அனுப்பிவிடுவேன். டாக்டரிடம் சொல்லவில்லை. இளகிய மனசு, வருத்தப்படுவார். அவர் மனசைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதானே.

சில நாள் அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

"யாரும் வரலியாம்மா?"

"இல்ல சார். ஜனங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு போதல."

"பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குறுக்கெழுத்துப் போடுவார்.

தையல்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். கூட அவர் தங்கை. பஸ் கண்டக்டர், யூனிஃபார்மோடு வந்திருந்தார். அண்ணனுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்து, வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் தோள் ஆறிவிட்டது, மாத்திரை விடவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறவர், இப்போது காஜா எடுப்பதற்குக்கூடக் கை நிற்பதில்லை என்று தங்கை சொன்னார். தையல்காரர் நடுங்கிக்கொண்டே என் ரவிக்கையின் தோளைப் பார்த்தார்.

"கைக்குழி பிடிக்குது பாருங்கம்மா. அரை இஞ்ச் எறக்கி வெட்டியிருக்கணும்."

உண்மைதான், பிடித்தது. ஆனால் அதையா பேச வந்தார்?

"அக்கா, நேத்துக் காலையிலேர்ந்து ஒண்ணும் போடல. சட்டுனு உள்ள அனுப்பிடுங்க" என்றார் தங்கை.

"இன்னிக்கு இடம் இல்லம்மா. வியாழக்கிழமை வாங்க."

தங்கை காலி நாற்காலிகளை விரல் நீட்டி எண்ணினார். "ஆறு சீட்டும் காலி. எங்க பஸ்ல ஒரு நாள் இப்படி இருந்தா காலை நீட்டித் தூங்கிடுவேன். இதுல இடம் இல்லியாமா?"

"எல்லாரும் போன்ல பதிவு பண்ணியிருக்காங்க."

"அப்ப வைத்தியமும் போன்லயேதானா?"

அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடு புள்ள. அவங்க என்ன பண்ணுவாங்க, மேல இருக்கறவங்க சொல்றதத்தானே செய்யணும்."

எனக்கு மேலே இருந்தவர் அந்த நேரம் மேசை விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தையல்காரர் தனியாக வந்தார். மறுபடியும் ஒரு நாள் முழுக்க நிறுத்தியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டர் அவசரக் கேஸில் இருக்கிறார், திங்கள்கிழமை வாருங்கள் என்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அம்மா, வீட்டுக்குப் போனா திரும்பப் போட்டுடுவேம்மா" என்றார். நேர்மையான மனிதர், அதை மறுக்கமாட்டேன். தண்ணீர் கொடுத்தேன். என்னை இரக்கமில்லாதவள் என்று யாராவது சொன்னால் இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அதற்கு அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் தங்கை மட்டும் வந்தார். அன்றும் யூனிஃபார்ம்தான், டிக்கெட் பை தோளில். என்னிடம் வரவில்லை. நேரே டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்கண்ணன் செத்துட்டாரு சார். நேத்து. இங்க மூணு தடவை வந்தாரு. நீங்க என்ன சார் அவ்ளோ பெரிய ஆளு?"

"யாரும்மா உங்க அண்ணன்? நான் அவரைப் பார்க்கவே இல்லையே."

"பாக்கலியா? ரெண்டு வாரமா என்னத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

மேசைமேல் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு கதவுக்கு வெளியே என்னைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எத்தனை பேரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். மூன்றாம் முறை வந்து உள்ளே போனவர்கள் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் தேறினார்கள், என் முறை எவ்வளவு சரி என்பதற்கு அதுவே சாட்சி. வராமல் போனவர்களின் கணக்கு என்னிடம் இல்லை. வராதவர்களை எப்படி எண்ணுவது?

தையல்காரர் இரண்டு முறைதான் வந்தார் என்று டாக்டரிடம் சொன்னேன். அது சரியில்லை. திங்கள்கிழமையும் வந்தார்.

வந்தவர் என்னிடம் எதுவும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தார். "மூணாவது தடவைம்மா. மூணு தடவை அலையவிட்டுட்டு அந்தம்மா உள்ள விட்டுடுவாங்க, கவலப்படாதேன்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாரு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. கேள்வித்தாள் வெளியாகிவிட்டால் பரீட்சையை மறுபடி வைப்பதுதானே வழக்கம்? அப்படித்தான் செய்தேன். இனிமேல் ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்தால் போதாது, புதுச் சட்டம், ஐந்து நாள் ஒன்றுமே தொடாமல் இருந்து காட்டிவிட்டு ஆறாம் நாள் வாருங்கள் என்றேன். டாக்டர் சொல்லச் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து நாளும் இருந்திருக்கிறார். நான் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, சுவரில் தலையை முட்டிக்கொண்டது என்று தங்கை ஏதேதோ சொன்னார். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. நான் விரலைவிட்டு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், அது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் மூடிய கதவருகே படியில் உட்கார்ந்திருந்தாராம். எதிரே பூட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பிறகு தையல்காரர் வீட்டுக்குப் போய், பழைய அளவையே போட்டுக்கொண்டாராம்.

சில நாள் விட்டிருந்து பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். அது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நோயாளிகளுக்குக் கொடுக்க டாக்டர் எழுதிய தாளில் மூன்றாவது வரி அதுதான். தட்டச்சு செய்தது நான், எழுத்துப்பிழை இல்லாமல் செய்தேன். அந்தத் தாளை உள்ளே போகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்போம். தையல்காரர் இன்னும் உள்ளே போகவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தத் திங்கள்கிழமை டாக்டரும் வெறுமனேதான் இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கதவு, அதுவும் தாழ் போடாதது. நான் ஐந்து நாள் என்றதும் தையல்காரர் அந்தக் கதவைப் பார்த்தார். எழுந்து நாலடி நடந்து தள்ளியிருந்தால் போதும். செய்யவில்லை. மரியாதை தெரிந்தவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, அஞ்சு நாள்தானே, இருந்துடறேன். ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நீங்களே சொல்லுங்கள். தப்பு என்னுடையதாக இருந்தால் அவர் எதற்கு எனக்கு நன்றி சொல்ல வேண்டும்? இதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.