பனி மூடிய நீச்சல் குளம்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நண்பரிடம் சொன்னார்:

“நேத்துப் பாத்தால், பொண்டியிலை எங்கட வீட்டு நீச்சல் குளத்துக்கு நடுவிலை நிண்டு மாமா வீடியோ எடுக்கிறார்!”

“இந்தக் குளிருக்கையோ அண்ணை?”

“ஓம். குளம் உறைஞ்சு, மேலை பனி. ஊரிலையிருந்து இப்பதான் வந்தவர், வீட்டு முற்றமெண்டு நினைச்சிட்டார். ஐஸ் இறுகிச் சுவர் வெடிக்காமலிருக்க வெறும் போத்தில்கள் மிதக்கவிட்டனான். அதைப் பாக்கப் போனால் மாமா நிக்கிறார், காலுக்குக் கீழை ஐஸ் வெடிக்கிற சத்தம்!”

“ஐயோ! பிறகு?”

“‘அப்பிடியே படுங்கோ மாமா, பாரம் பரவட்டும்’ எண்டு கத்தி, ஏணியை நீட்டி இழுத்தெடுத்தன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“‘கிணத்தைச் சுத்திக் கட்டுறமாதிரி இஞ்சை உதுக்கொரு கட்டுக் கட்டமாட்டியளோ, தம்பி?’ எண்டு கேட்டார்.”