இரண்டு பாட்டில் வேப்பிலைக்கட்டி

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை கிடையாது. பாலக்காட்டுக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாரும் முதலில் இதில்தான் ஏமாறுவார்கள். நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் கொழுந்தாகப் பார்த்துப் பறித்து, நடுநரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, வறுத்த மிளகாய், ஓமம், காயம், புளி, உப்பு சேர்த்து இடித்து உருட்ட வேண்டும். மோர்சாதத்துக்கு அதை விட்டால் வேறு இல்லை. கசப்பும் காரமும் ஒன்றாகத் தூக்கி அடிக்கும். அதனால் அதில் வேறு எது சேர்ந்தாலும் நாக்குக்குத் தெரியாது. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம். எனக்கு இதுதான் ஆரம்பம்.

என் பெயர் தர்மாம்பாள். கல்பாத்தியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் சுப்பராமன் ஒலவக்கோட்டில் ரயில்வே ஆபீஸில் இருந்தார். வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஒரே பிள்ளை அனந்த். அப்பாவின் இடத்தில் அவனுக்கு வாரிசு வேலை கிடைக்கும், எழுதிக் கொடு என்றேன். ரயில்வே உத்தியோகம் என்றால் என்ன கிள்ளுக்கீரையா. காலையில் டிபன் பாக்ஸோடு போனால் சாயங்காலம் காப்பிக்கு வீட்டில் இருக்கலாம். அவன் சிரித்துவிட்டு, விமானம் ஓட்டப் போகிறேன் என்றான். பிலிப்பைன்ஸில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டிருந்தான். நான் தடுக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் பிள்ளையைத் தடுக்கிற அம்மா இல்லை. கொச்சி ஏர்போர்ட் வரைக்கும் நானே கூடப் போய் வழியனுப்பினேன்.

அங்கே அவனோடு அறையில் இருந்தவன் முனீஸ்வரன். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பையன். அம்மா முருகேஸ்வரி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள். அக்கா இந்து குவைத்தில் நர்ஸாக இருந்து தம்பியைப் படிக்க வைத்தாள். அத்தனை தூரத்தில் தமிழ் பேச ஒருத்தன் கிடைத்தானே என்று அனந்துக்கு நிம்மதி. எனக்கும்தான்.

முதல் தடவை ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டி இறங்கினால் அங்கே தலையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டுவார்களாம். அனந்த் அந்த வீடியோவை அனுப்பினான். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு சிரித்தான். முனீஸ்தான் பக்கெட்டைப் பிடித்திருந்தான். அப்புறம் அனந்த் போன் பண்ணினான். மேலே போனபோது என்ன நினைத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமே நெனக்கலை அம்மா. யாரோட ஓர்மையும் வரலை. அவ்வளவு சுகமாக்கும்" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் சொல்கிறேன், அது அவன் உயிருக்குப் பயந்து எரிந்தது. வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் போனபிறகு எனக்குத் தூக்கம் வராமல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைச் சரியாகச் சாப்பிட்டதில்லை, அலமாரியில் சேர்ந்து கிடந்தது. ஓட்டுகிறவன் கொஞ்சம் மந்தமாக இருந்தாலே அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள், பறக்க விடாமல் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அனந்தே சொல்லியிருக்கிறான். அப்படி நாலு தடவை உட்கார வைத்தால், இவன் இதற்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்கள். உயிரோடு, கைகால் ஊனமில்லாமல் வந்து சேருவான். யோசித்துப் பாருங்கள், இதில் கெடுதல் என்ன இருக்கிறது. பக்கத்தில் ஆசிரியர் இருப்பார். அவர் பார்த்துக்கொள்வார்.

வேப்பிலைக்கட்டி இடித்தேன். கூரியரில் அனுப்பினேன். கொஞ்ச நாளில் அனந்தின் குரல் கனத்தது. வகுப்பில் தூங்கிவிட்டேன், ஆசிரியர் திட்டினார், இந்த வாரம் பறக்க விடவில்லை என்றான். டாக்டரிடம் காட்டினானாம், உடம்பில் ஒன்றும் இல்லை என்றாராம். அவன் அழுகிற மாதிரி இருந்தான். நான், எல்லாம் நல்லதுக்குத்தான், கவலைப்படாதே என்று தைரியம் சொன்னேன். எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு திடீரென்று தெளிந்துவிட்டான். பழையபடி பேச ஆரம்பித்தான், பழையபடி பறந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் வீடியோவில் பேசும்போது முனீஸ் தட்டும் கையுமாகப் பின்னால் வந்து நின்றான். அனந்த் உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றையே விட்டுவிட்டானாம்.

"ஒங்க கட்டி பூராத்தையும் நாந்தாம்மா காலி பண்ணேன்" என்றான் முனீஸ். "இது இல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அடுத்த வாட்டி ரெண்டு பாட்டிலா அனுப்புங்க."

தூக்கம் எப்படி என்று கேட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேம்மா, இந்த ஊரு வெக்கை அப்படி என்று சிரித்தான். பல் வரிசை அழகாக இருக்கும் அவனுக்கு.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிச்சத்தைத் தூக்கிப் போடு, கெட்டுப் போயிருக்கும் என்றால் போதும். சொல்லவில்லை. அனந்த் ஏன் என்று கேட்பான், அவன் கெட்டிக்காரன், முடிச்சுப் போட்டுப் பார்ப்பான். இதுதான் என் தப்பு என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது முழுக்கச் சரியாக இருக்காது.

முனீஸ் தனியாகத் தொலைதூரம் ஓட்டிப் போன நாளில் விமானம் ஒரு நெல்வயலில் விழுந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், அவன் பதில் சொல்லவில்லையாம். வயலைப் பார்த்தால் நம்ம ஆலத்தூர்ப் பக்கம் மாதிரி இருந்தது அம்மா என்று அனந்த் சொன்னான். பிறகு போனை வைத்துவிட்டான். ரத்தத்தில் தூக்க மருந்து இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். பையன் மாத்திரை போடுகிற பழக்கக்காரன் என்று எழுதி முடித்தார்கள்.

நான் தேவிகுளம் போனேன். துக்கம் கேட்க வேண்டாமா. டாக்ஸி வைத்துக்கொண்டு உடுமலை, மறையூர் வழியாகப் போனோம். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு, இரண்டே அறை. சுவரில் முனீஸ் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக நின்ற படம், அதற்கு மாலை. எஸ்டேட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பேசுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கிசுகிசுத்தாள். பிள்ளை போன துக்கத்தைவிட அந்தப் பேச்சுதான் முருகேஸ்வரியைத் தின்கிறதாம்.

முருகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைக் கறை ஏறிய கை, சொரசொரவென்று இருந்தது.

"எம்புள்ள பாக்குகூடப் போட்டதில்லம்மா. மாத்திரை தின்னான்னு சொல்றாக. நீங்க அவென்கிட்ட பேசுனவுக. நீங்களே சொல்லுங்க, அவென் அப்பிடியாப்பட்டவனா?"

"இல்லை. முனீஸ் அப்படிப்பட்டவன் இல்லை, கேட்டேளா" என்றேன்.

அது உண்மை. அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். நான் வெளியில் எங்கேயும் கை நனைக்காதவள். அந்த வீட்டில் குடித்தேன். அவள் மனசு நோகக் கூடாதே என்றுதான்.

இனி அனந்த் வந்துவிடுவான் என்று இருந்தேன். அவன் அறையைத் துடைத்து வைத்தேன். அவன் வரவில்லை. முனீஸ் பாதியில் விட்டதை நான் முடிப்பேன் என்றான். அதோடு நின்றால் பரவாயில்லை. முனீஸ் மாத்திரை தொட்டவனே இல்லை, அவன் சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் பரிசோதித்துப் பாருங்கள் என்று அந்த ஊர்ப் போலீஸிடம் போய் நின்றிருக்கிறான். அவர்கள் அறை அலமாரியில் இருந்ததை எல்லாம் அவனே எடுத்துக் கொடுத்திருக்கிறான். என் இரண்டு பாட்டிலையும் சேர்த்து.

சிநேகிதன் பெயரைக் காப்பாற்றிவிட்டான். அந்த மட்டில் அவனை நான் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன். ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவனையே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். போன வாரம் கூப்பிட்டான்.

"ரெண்டும் ஒரே பார்சல்ல வந்தது. ஒண்ணுல மட்டும் மருந்து இருக்கு அம்மா. எங்கம்மா போட்டிருக்க மாட்டாள்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். அப்போ ரூம்ல வச்சு நீதான் கலந்திருக்கணும்கறா."

நான், சாப்பிட்டாயா என்று கேட்டேன். போன் கட் ஆகிவிட்டது. அவன் வைத்தானா, லைன் போனதா என்று தெரியவில்லை.

அதனால்தான் நானே இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. அங்கே அனுப்புகிற தாளில் தெளிவாக எழுதுங்கள். இரண்டு பாட்டிலும் என் கையால் நிரப்பியது. அந்தத் தடவை அனந்துக்கு அனுப்பியதில் ஒன்றும் கலக்கவில்லை. என்றைக்காவது ஆசைப்பட்டு ஒரு வாய் தொட்டுக்கொண்டால் என்ன செய்வது. மற்றதில் என் அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை எல்லாவற்றையும் பொடித்துப் போட்டேன். அதன் மேல் முனீஸுக்கு என்று நானே எழுதி ஒட்டினேன். அது கை மாறிப் போனது இல்லை, மறதி இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்கு ஒன்று ஆனால்தான் என் பிள்ளை பயந்து திரும்பி வருவான் என்று நினைத்தேன். என்ன ஆகும் என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

இது போய்ச் சேர்ந்தால் அனந்தை விட்டுவிடுவார்கள் இல்லையா. இவ்வளவுக்குப் பிறகு அவனை எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு வக்கீல் சொன்னார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்ருதாவிடம் கொடுத்திருக்கிறேன், அவன் வந்தால் திறந்துவிடுவாள்.

உங்களுக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டீர்கள். ஏன் இல்லாமல். முனீஸ் தங்கமான பையன். ஆனால் கண்காணாத தேசத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, இனி வருவானா மாட்டானா என்று தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மேடம், உங்களுக்குச் சின்ன வயசு. தேவிகுளத்துக்குப் போய் முருகேஸ்வரியைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குப் புரியும்.