இருபத்தொண்டுக்கு இருபது

...இல்லைப் பிள்ளை, நான் கேக்கிறன், பெத்த தாயைப் பதவியால இறக்கிறதுக்கோ கம்பசில படிப்பிக்கிறாங்கள்? கொஞ்சம் தள்ளி இரும், இந்தப் பிஸ்கட் பேணியை மடியில வைக்கவேணும். ஆ... சரி. ஓமந்தையில பஸ் ஏறினதில இருந்து ஆரிட்டையும் சொல்லாம நெஞ்சு வெடிக்குது. உம்மட பையிலயும் கலைப்பீடமெண்டு போட்டுக் கிடக்கு. நீரும் உந்த அரசறிவியலோ? ஓமோ! அப்ப நீரே சொல்லும்.

நான் நாகேஸ்வரி. எங்கட ஊர் மாதர் சங்கத்துக்குப் பதினொரு வருசம் தலைவி. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

எல்லா வருசமும் ஏகமனதாத் தெரிவு. "கையைத் தூக்குங்கோ" எண்டா என்னோட சேத்து நாப்பத்தொரு பேரும் தூக்குவம். ஆரையும் கட்டாயப்படுத்திறேல்லை! நான் என்ர பச்சைப் பேனையால பெயருக்கு நேர சரி போடுவன், அவ்வளவுதான். பேந்து சங்கத்தால கோழிக்குஞ்சு குடுக்கேக்க சரி விழுந்தவைக்கு முதல். ஒரு ஒழுங்கு வேணுமெல்லோ? ஒருக்கா ஜெகதீஸ்வரி கை தூக்கேல்லை. கை உளைவாம். கடைசியா மிஞ்சின நொண்டிக்குஞ்சுதான் அவவுக்கு. அடுத்த வருசம் ரெண்டு கையையும் தூக்கினவ.

இதைப் போய் என்ர மகள் லக்சிகா, கம்பசில ரெண்டாம் வருசம், கட்டுரையா எழுதியிருக்கிறாள்! "கோழிக்குஞ்சும் சம்மதமும்" எண்டு தலைப்பு. என்ர பெயர் போடேல்லையாம், "தலைவி நா." எண்டுதானாம். எங்கட ஊரில எத்தினை தலைவி நா. இருக்கு? அதுக்கு ஏ தரம் வேற குடுத்திருக்கிறாங்கள்.

லீவில வந்து நிண்டுகொண்டு ஒரே பாடம். அதிகாரம் ஆளில இல்லையாம், கதிரையிலதான் இருக்காம். ஆள் போனாலும் கதிரை நிக்கவேணுமாம், அதுதான் நிறுவனமாம். அடியே, அந்தக் கதிரையே எங்கட வீட்டுக் கதிரை! கூட்டத்துக்குக் கூட்டம் உன்ர கொப்பர்தான் சைக்கிளில கட்டிக்கொண்டு போறவர். சங்கத்து முத்திரை என்ர அலுமாரியிக்க கிடக்கெண்டு அதுக்கும் ஒரு வியாக்கியானம்.

சரி, உன்ர ஆசைக்கு இரகசிய வாக்கெடுப்பு வையெண்டு விட்டன். எனக்கென்ன பயம்? எதிர்த்து நிண்டது சிவலட்சுமி. கூட்டத்தில தும்மிறதுக்கே அனுமதி கேக்கிற மனிசி.

இருபத்தொண்டுக்கு இருபது. அவ இருபத்தொண்டு!

அவ தனக்குத்தானே போட்டவவாம் பிள்ளை, வெக்கமில்லாமச் சொல்லுறா. பந்தியில தன்ர இலைக்குத் தானே பாயாசம் வாக்கிறமாதிரி. நல்ல பொம்பிளை செய்வாளோ?

எண்ணினது லக்சிகா. ஒரு வோட்டுத் துண்டை விரிச்சவள், நிமிந்து என்னைப் பாத்தவள், வாய்க்குள்ள ஒரு சிரிப்பு. அங்கதான் எனக்குப் பொறி தட்டினது, ஏதோ கள்ளம் நடந்திருக்கு. ஏனடி சிரிச்சனீ எண்டு கேட்டா, "இரகசிய வாக்கெடுப்பம்மா, சொல்லேலாது" எண்டிட்டாள். அதுதான் டி.எஸ். ஒப்பீசில, பிரதேச செயலாளரிட்டையே, மனுக் குடுக்கப்போறன். வோட்டுப் போட்ட இந்தப் பிஸ்கட் பேணியையும் ஆருக்கும் தெரியாமத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். என்ன பாக்கிறீர்? பேணியும் எங்கட வீட்டுப் பேணிதான்.

நல்லது, நீர் வெளியாள். ஒருக்கா எண்ணும். பிடியும், காத்தில பறக்கப்போகுது... ஓம், அது எனக்கு. அது அவவுக்கு. அதும் அவவுக்கு, எழுத்தைப் பாத்தா ஜெகதீஸ்வரி மாதிரிக் கிடக்கு, இருக்கட்டும்... ஏன் நிப்பாட்டினனீர்? காட்டும் பாப்பம்.

...

பச்சை.

மெல்லச் சிரியும் பிள்ளை, கண்டக்டர் பாக்கிறார்.

ஓம். நான்தான் போட்டனான். பாவமெண்டு! ஒரு வோட்டும் விழாட்டி அந்த மனிசி ஊருக்குள்ள எப்பிடி முகம் காட்டிறது? ரெண்டோ மூண்டோதான் விழுமெண்டு நினைச்சன். நான் ஒண்டு போட்டா என்ன குறைஞ்சா போகும்... மிச்சம் இருபது பேரும் மனசாரப் போடுவினமெண்டு நான் கண்டனானோ?

பதினொரு வருசம் கை தூக்கினவை பிள்ளை. அவ்வளவு காலமும் என்னை வேண்டாமெண்டு நினைச்சுக்கொண்டோ தூக்கினவை? அதுதான்... அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.

அப்ப லக்சிகாவுக்கு அண்டைக்கே தெரியும். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஊர் முழுக்கச் சிரிச்சிருக்கும். பெட்டை வாயே திறக்கேல்லை பாரும்.

தாண்டிக்குளம் வந்திட்டுதோ? தம்பி, நிப்பாட்டும், நான் இறங்கவேணும்! இல்லைப் பிள்ளை, ஒப்பீசுக்குப் போகேல்லை. மற்றப் பக்கத்து பஸ்சைப் பிடிச்சுத் திரும்பிப் போறன். அந்த முத்திரையை எடுத்துச் சிவலட்சுமியிட்டைக் குடுக்கவேணும். கதிரை வேணுமெண்டா அவவின்ர மனிசன் கட்டிக்கொண்டு போகட்டும்.

நீர் கம்பசில லக்சிகாவைக் கண்டா இந்தக் கதையை எடுக்காதையும். இதையும் எழுதி இன்னொரு ஏ எடுத்துப்போடுவாள்... உதென்ன கொப்பி? ஐயோ, நீரும் எழுதிறீரோ! எப்ப தொடங்கி?

சரி, எழுதும். ஆனா "முன்னாள் தலைவி நா." எண்டு போடும். எழுதிறதைச் சரியா எழுதவேணுமெல்லோ.